மருந்தறை வாசலில் என் மூக்கு

ஆஸ்பத்திரியில் சேர்ந்த மூன்றாம் நாள் காலையில், குளுக்கோஸ் பாட்டில் மாற்ற வந்த நர்ஸ் பெண்ணை நான் மனதாரப் பாராட்டினேன்.

"எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பினாயில் வாடை குடலைப் புடுங்கும் தாயி. இங்கன ஒரு வாடையும் இல்ல. எம்புட்டு சுத்தமா வச்சிருக்கீக!"

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரம்மா அப்போதுதான் வாந்தி எடுத்து ஓய்ந்திருந்தார். அதன்மேல் பினாயிலை ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் முத்துலட்சுமி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு மட்டும் காற்று வெறும் காற்றாக இருந்தது.

என் மூக்கு போன சங்கதி இப்படித்தான் தெரிய வந்தது. அது திரும்பி வந்தபிறகு இதை எழுதுகிறேன். காய்ச்சலுக்குப் பிறகு வாசனை போய் முழிக்கிற யாருக்காவது உதவட்டும் என்பது ஒரு காரணம். அந்த எட்டு மாதம் என்னைப் படுத்திய பாட்டை எங்கேயாவது இறக்கி வைத்தால்தான் எனக்கு ஆறும் என்பது இன்னொரு காரணம்.

என் பெயர் சண்முகத்தாய். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பெண்ணாக இருந்தாலும் போர்மேன் என்றுதான் சொல்வார்கள். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர்கள். நான் பதினெட்டு வயதில் வெடிக்குக் காகிதக் குழாய் ஒட்டப் போனேன். பிறகு பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, இருபத்து மூன்று வருஷம் கழித்து இந்த இடத்துக்கு வந்தேன். எங்கள் கம்பெனியில் இந்த வேலை பார்க்கும் ஒரே பொம்பளை நான்தான். அதை ஆசையாகச் சொல்லிக்கொள்வேன், வெட்கமில்லை.

மருந்து என்று நாங்கள் சொல்வது வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் சேர்ந்த கலவையை. பக்குவமாகக் கையாண்டால் பயமில்லை. ஆனால் ஈரம் பட்டுவிட்டால் தானாகவே சூடேற ஆரம்பிக்கும். அப்படிச் சூடேறும்போது முதலில் ஒரு வாடை கிளம்பும். பல நாள் பூட்டிக் கிடந்த கழிப்பறைக் கதவைத் திறந்தால் வருமே, அந்த வாடை. புகை அதற்குப் பிறகு. புகைக்குப் பிறகு நடப்பதைத்தான் நீங்கள் பேப்பரில் படிக்கிறீர்கள்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் மருந்தறைக் கதவைத் திறந்ததும் போர்மேன் படியில் நின்று மூக்கை உள்ளே நீட்டிப் பார்க்க வேண்டும். மருந்து கலக்குகிற ஆள் பின்னால் வெறுங்காலோடு நிற்கும். போர்மேன் தலையாட்டினால்தான் அந்த ஆள் உள்ளே காலை வைக்கும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் செய்தார், நானும் செய்தேன். என் பின்னால் பதினொரு வருஷமாக நின்றவள் மாரியம்மாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். புருஷன் இல்லை.

ஆடி மாதக் கடைசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் வீட்டுக்கு வீடு படுத்துக் கிடந்தார்கள். மூன்று நாள் மாத்திரையில் இறங்கவில்லை என்றதும் என் வீட்டுக்காரர் கருப்பசாமி என்னை விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் கம்பெனி வேன் டிரைவர். ஆட்களை இறக்கிவிட்டு, வேனைப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து வருவார். தினமும் விடிந்ததும் ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைகிறதா என்று பார்ப்பதற்காம். அவை குறைந்தால் உள்ளே ரத்தக் கசிவு வரலாம் என்றார்கள். அவை குறையவில்லை. ஏதோ வைரஸ் என்றார்கள். என்ன வைரஸ் என்று கேட்டால், "வைரஸ்தாம்மா" என்றார்கள்.

வாசனை போனதைச் சொன்னதும் அங்கிருந்த பெரிய டாக்டர் என் சீட்டைக்கூடப் பார்க்கவில்லை. "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். பட்டாசுக் கம்பெனி என்றேன். "அதான். இத்தனை வருஷம் கெமிக்கலை மோந்தா மூக்கு என்னத்துக்கு ஆகும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். காய்ச்சலுக்கு முந்தின நாள்வரை கருவாட்டுக் குழம்பு எந்தத் தெருவில் கொதிக்கிறது என்று சொன்ன மூக்கு ஐயா இது! எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பல் வலித்தாலும் கெமிக்கல்தான், முடி கொட்டினாலும் கெமிக்கல்தான். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

வீட்டுக்கு வந்தால் வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். என் நாத்தனார் ஓமத்தைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டினார். எதிர்வீட்டுக்காரி கற்பூரத்தை நசுக்கி மூக்கில் வைத்துத் தேய்த்தாள். "இது தெரியுதா? இது?" என்று வருகிறவர்கள் எல்லாம் கையில் கிடைத்ததை என் மூக்குக்கு நேரே நீட்டினார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் சட்டையைக்கூட நீட்டினாள். தெரியவில்லை என்று சொன்னால் இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். காது கேளாதவரிடம் கத்துகிற மாதிரி.

சாப்பாடு ஒரு தண்டனை. இட்லி ஈரத்துணி, ரசம் புளித்த வெந்நீர். சாம்பாரில் உப்பு போட்டேனா என்று சந்தேகம் வந்து இன்னொரு கை போடுவேன். அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பார்கள். ஒரு நாள் பால் அடிபிடித்துக் கருகி, புகை கண்ணில் பட்ட பிறகுதான் அடுப்பை அணைத்தேன். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். நாலு மணிக்கு டோக்கன் வாங்கி ஏழரைக்கு உள்ளே விட்டார்கள். அந்த மூன்றரை மணி நேரமும் சுவரில் ஒரு டிவி சத்தமில்லாமல் சமையல் நிகழ்ச்சியைக் காட்டிக்கொண்டிருந்தது. யார் கண்டுபிடித்தார்களோ இந்தக் கொடுமையை! நெய்யில் முந்திரி பொரிவதை முறைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமைசாலி. நுனியில் விளக்கு வைத்த மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்த்தார். எண்டோஸ்கோப்பி என்றார். வலி இல்லை, கண்ணில் நீர் மட்டும் கொட்டியது. அடைப்பு, சதை எதுவும் இல்லையாம். பிறகு என் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு புட்டியாக நீட்டினார்.

"இது என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

"இது?"

"ஒண்ணுமில்ல."

நாலாவது புட்டியில் மூக்கு சுரீர் என்றது. "எரியுது டாக்டர்!" என்று துள்ளினேன்.

அவர் விளக்கிச் சொன்னார். மூக்கின் உச்சியில், இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்பக்கமாக, தபால்தலை அளவுக்கு ஒரு தோல் இருக்கிறது. வாசனை நரம்புகள் அங்கேதான் இருக்கின்றன. வைரஸ் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிட்டுப் போயிருக்கிறது. நாக்குக்குத் தெரிவது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு இந்த மாதிரி நாலைந்துதான். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கு கொடுப்பது. "எரிச்சல் வேறம்மா, வாசனை வேற. எரிச்சலுக்குத் தனி நரம்பு. அது உங்களுக்கு நல்லா இருக்கு," என்றார். நரம்பு மறுபடி முளைக்கும், மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். அதுவரை கேஸ் கசிவைக் கண்டுபிடிக்க மூக்கை நம்பாதீங்க, வேலை செய்யுற இடத்திலயும் சொல்லிவைங்க என்றார்.

இவ்வளவையும் கேட்டேன். மனதில் ஒட்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: எரிச்சல் இருக்கிறது.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். வழியில் ஒரு மிளகாய் வத்தல் குடோனில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாக்கு ஒன்று கிழிந்து நெடி கிளம்பியது. நான் தும்மினேன். ஏழெட்டுத் தும்மல், தெருவே திரும்பிப் பார்க்கிற தும்மல்.

"என்னங்க, மூக்கு இருக்குங்க!" என்றேன்.

"தும்முறதுக்கா இம்புட்டு சந்தோசம்?" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் நாலு வத்தலை வாணலியில் போட்டு வறுத்தேன். இருமினேன், கண் எரிந்தது. அங்கேதான் என் புத்தி கோணலாக வேலை செய்தது. கெட்டுப்போன மருந்தும் மூக்கைச் சுரீர் என்று கடிக்கும், எனக்குத் தெரியும். அப்படியானால் எனக்கு வேண்டிய மட்டும் மூக்கு இருக்கிறது. ரோஜாவை மோந்து பார்த்து நான் என்ன செய்யப்போகிறேன்? கம்பெனியில் ஏன் சொல்ல வேண்டும்?

உண்மையைச் சொல்கிறேன், பயம்தான் காரணம். தீபாவளி சீசன். மேனேஜரிடம் சொன்னால் மறுநாளே லேபிள் ஒட்டுகிற இடத்தில் உட்கார வைப்பார். சீசன் முடிந்தும் அங்கேயே இருப்பேன். இருபத்து மூன்று வருஷம் ஏறிய படி ஒரே நாளில் போய்விடும். டாக்டர் கொடுத்த ஸ்பிரேயை அடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். தினமும் மருந்தறைப் படியில் நின்றேன். மூக்கை நீட்டினேன். எரிச்சல் இல்லை. தலையாட்டினேன். மாரியம்மாள் உள்ளே போனாள்.

இப்படி ஐந்து வாரம்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் இடி இடித்தது. இடி என்றால் போட்டது போட்டபடி எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும், அதுதான் சட்டம். மருந்தறை மூலையில் அரைத்தட்டு மருந்து காகிதம் மூடியபடி நின்றுவிட்டது. மழை விடாமல் பெய்தது. காலையில் முதல் வேலையாக அந்தத் தட்டை எடுத்துப் போய் அழிக்க வேண்டும். எடுக்க வேண்டியவள் மாரியம்மாள். ஓட்டு இடுக்கு வழியாகச் சாரல் அதன்மேல் விழுந்திருந்தது எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் கதவைத் திறந்தேன். படியில் நின்றேன். மூக்கை நீட்டினேன். எரிச்சல் இல்லை. தலையாட்டினேன்.

மாரியம்மாள் ஒரு காலை உள்ளே வைத்தாள். அப்படியே நின்றாள்.

"அக்கா, வாடை அடிக்குது."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, போ புள்ள."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "இம்புட்டு வாடை அடிக்குது, உங்களுக்குத் தெரியலையாக்கா?"

அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். மணியை அடித்தேன். பக்கத்து அறைகள், வேப்பமரத்தடி, வேன் நிற்கிற இடம் எல்லாவற்றையும் காலி செய்தோம். கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவு வழியாக வெள்ளையாகப் புகை வந்தது. தீயணைப்பு வண்டி வந்து தூரத்தில் இருந்தே அறையைத் தண்ணீரால் நிரப்பியது. நல்லவேளை, அதோடு நின்றது. ஒரு உயிருக்கும் சேதமில்லை.

அன்றைக்கே மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "உங்களைப் போய் நம்பினோமே தாயம்மா," என்றார். லேபிள் ஒட்டும் இடத்துக்கே அனுப்பினார். மாரியம்மாள்தான் திட்டினாள், எல்லோர் முன்னாலும்.

"நீங்க தலையாட்டுனாத்தான் நான் காலை வைக்கேன். பதினோரு வருசமா நான் ஒரு நாளாவது மோந்து பாத்திருக்கேனா? உங்க மூக்குதான் என் மூக்குன்னு இருந்தேன். எனக்கு என்னமும் ஆயிருந்தா என் பிள்ளைகளுக்கு நீங்களா சோறு போடுவீக?"

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வேனில் நான் ஏறினால் முன் சீட்டுக்கு மாறிவிடுவாள்.

மறுபடி டாக்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னதும் அந்தப் பொறுமைசாலிக்கே கோபம் வந்தது. "எரிச்சல் வர்ற அளவுக்கு நெடி ஏறணும்னா அது கடைசிக் கட்டம்மா. வாசனை அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடும். மோந்து பாக்குறதுதான் உங்க வேலைன்னு அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

மூக்குக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூக்கலிப்டஸ் தைலம். ஒவ்வொன்றையும் காலையும் மாலையும் இருபது விநாடி மோந்து பார்க்க வேண்டும். வாசனை வராவிட்டாலும் அது எப்படி மணக்கும் என்று நினைத்துக்கொண்டே மோக்க வேண்டும். வராத பஸ்ஸுக்கு நாள் தவறாமல் போய் ஸ்டாப்பில் நிற்கிற வேலை. முத்துலட்சுமி சிவகாசியில் அச்சகத்தில் இருக்கிறாள். நாலு சின்ன டப்பாவை வாங்கி, மிச்சமான லேபிள் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டினாள். ஒரு வாரத்தில் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டாள்.

"நீ மோந்து பாக்கலம்மா, படிச்சுப் பாக்குற," என்றாள்.

பிறகு என்னைக் கேட்காமல் ஐந்தாவதாக ஒரு காலி டப்பாவையும் சேர்த்துவிட்டாள். கண்ணை மூடி மோந்து பார்த்து, "லேசா எலுமிச்சை மாதிரி இருக்குடி" என்பேன். திறந்து காட்டினால் காலியாக இருக்கும். எத்தனை முறை அவமானப்பட்டேன்! இருக்கிறதை இல்லை என்று சொன்னதைவிட, இல்லாததை இருக்கிறது என்று சொன்னதில்தான் எனக்கு அழுகை வந்தது. என் மூக்கு போதாதென்று என் ஆசையும் பொய் சொன்னது.

கார்த்திகையில் ஒரு காலை, வாசனை திரும்பியது. எப்படித் திரும்பியது தெரியுமா? அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தது. கெட்டுப்போன மருந்து வாடை குப்பென்று அடித்தது. நான் அலறிக்கொண்டு, குளித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை ஈரத்துண்டோடு தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரி சிரித்த சிரிப்பை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன்.

வெங்காயம் வதக்கினால் அதே வாடை. பூண்டு, முட்டை, பல் தேய்க்கும் பேஸ்ட், என் தலையணை, எல்லாம் அதே கழிப்பறை நெடி. எந்த வாடைக்காக ஐந்து வாரம் படியில் நின்றேனோ, அது இப்போது வீடெல்லாம் வீசியது. டாக்டரிடம் போய்ச் சொன்னால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல சேதிம்மா! நரம்பு முளைக்குது. இப்பதான் முளைச்சதால செய்தியை மாத்தி மாத்தி அனுப்புது," என்றார். நல்ல சேதியாம். அந்த ஸ்பிரேயை எடுத்து ஜன்னல் வழியாக வீசலாம் போல இருந்தது.

வெறுஞ்சோறும் தயிரும்தான் இறங்கின. கருப்பசாமி ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டில் காபி குடிப்பதை நிறுத்தினார். காபி இல்லாமல் அவருக்குக் கண் திறக்காது. இருட்டோடு எழுந்து பஸ் ஸ்டாப் கடைவரை நடந்து குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வருவார். இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு அது தெரிந்தது. கேட்டதற்கு, "நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னாக" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த இருபது வருஷக் குறைகளில் பாதியை அன்றைக்குத் தள்ளுபடி செய்தேன்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம். முத்துலட்சுமி அச்சகத்திலிருந்து வந்து, என் பக்கத்தில் குனிந்து சாப்பாட்டுப் பையை வைத்தாள். அவள் சட்டையிலிருந்து மை வாடை வந்தது. மண்ணெண்ணெயும் பெயின்ட்டும் கலந்த மாதிரி ஒரு வாடை. எனக்கு அது எப்போதும் பிடிக்காது, உடனே போய்க் குளி என்று விரட்டுவேன். அன்றைக்கு அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதேன்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"நாறுதுடி. நல்லா நாறுது."

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தன. எலுமிச்சை, தைலம், கடைசியில் காபி. ரோஜா இன்னும் சரியாக வரவில்லை. வராவிட்டால் போகட்டும். டாக்டர் மறுபடி கண்ணை மூடவைத்துச் சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மேனேஜர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மருந்தறை வேலைக்குத் திரும்பலாம் என்றார். "ஆனா மாரியம்மா சம்மதிக்கணும்," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலை, பழையபடி அந்தப் படிக்குப் போனேன். மாரியம்மாள் எனக்கு முன்பே வந்து நின்றாள். ஆறு மாதம் கழித்து முதல்முறையாக என்னிடம் வாய் திறந்தாள்.

"கண்ணை மூடுங்கக்கா."

மூடினேன். அவள் மடக்கிய கை என் மூக்குக்கு நேரே வந்தது தெரிந்தது. "இது என்ன?"

"கிராம்பு."

அடுத்த கை வந்தது. "இது?"

மூச்சை இழுத்தேன். அவள் கையில் பூசிய சோப்பு லேசாகத் தெரிந்தது. அதைத் தாண்டி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடலாம் என்று ஆசை வந்தது. எலுமிச்சையாக இருக்குமோ? ஏலக்காயோ? தப்பாகச் சொன்னால் இவளும் போவாள், வேலையும் போகும். மறுபடி ஒருமுறை இழுத்தேன்.

"சோப்பு வாசம் மட்டுந்தான் புள்ள. கையில ஒண்ணுமில்ல."

கண்ணைத் திறந்தேன். அவள் விரலை விரித்துக் காட்டினாள். வெறுங்கை.

நான் படியேறி, மருந்தறைக் கதவைத் திறந்து, மூக்கை நீட்டினேன். ராத்திரி முழுக்கப் பூட்டிக் கிடந்த அறையின் சுவரும், பழைய கந்தகமும் தெரிந்தன. வேறொன்றும் இல்லை. தலையாட்டினேன்.

மாரியம்மாள் என் தோளுக்கு மேல் எட்டி, தன் மூக்கால் ஒருமுறை நன்றாக இழுத்துப் பார்த்தாள். பிறகுதான் காலை உள்ளே வைத்தாள்.